நாலாவது மாடியின் மொட்டைப் பேய்

பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் வரிசைக்குப் போய், பேய்க்காரம்மா கடை எது என்று கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள். செல்வாம்பாளுக்கு அதில் கோபம் கிடையாது. பேர் சொல்லிக் கேட்டால் அந்த மார்க்கெட்டில் நாலு செல்வாம்பாள் எழுந்து நிற்பார்கள். பேய் என்றால் அவள் ஒருத்திதான்.

வீடு அரியாங்குப்பத்தில். விடிகிற நேரத்துக்கு பஸ்ஸில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து, மல்லியும் முல்லையும் எடுத்து உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் கட்டுகிற கை நிற்காது. புருஷன் கன்னியப்பன் நோணாங்குப்பம் படகுத் துறையில் படகு ஓட்டுகிறவன். ஒரே மகள் சரிதாவை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. குடும்பம் அவ்வளவுதான். ஆனால் செல்வாம்பாள் என்றால் ஊருக்கு ஞாபகம் வருவது குடும்பம் இல்லை, முடி. அவிழ்த்து விட்டால் முழங்காலைத் தொடும். நாற்பத்தைந்து வயதில் ஒரு நரை கிடையாது. அதற்கு எண்ணெய் வைத்துச் சீவி முடிவதற்குள் ஒரு பஸ் போய்விடும். போனால் போகட்டும், அடுத்த பஸ் இல்லையா என்பாள்.

அந்த முடியைக் கண்டுபிடித்தவன் நெடுமாறன். கல்யாண வீடியோ எடுக்கிற தொழில் அவனுக்கு. ஒரு கல்யாணத்துக்கு மாலை கொண்டுவந்து இறக்கியவள் கூடையை எடுக்கக் குனிந்தபோது கொண்டை அவிழ்ந்துவிட்டது. மாப்பிள்ளையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன் கேமராவை இந்தப் பக்கம் திருப்பிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அது வேறு கதை.

நெடுமாறன் பேய்ப் படமும் எடுப்பான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கேமரா சும்மா கிடக்கும். அவனுக்கு மேக்கப் போடுகிற பிரிஸ்கில்லா கல்யாணப் பெண் அலங்காரம் செய்கிறவள், கோயிலுக்குத் தவறாமல் போகிற கிறிஸ்தவக் குடும்பம். அவள் பக்கத்தில் தவக்காலத்திலும் கல்யாணம் கிடையாது. ஆகவே ஆடிக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று, தவக்காலத்துக்கு ஒன்று என்று வருஷத்துக்கு மூன்று பேய்.

கதைக்கு அவன் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. சென்னையில் பெரிய கம்பெனிக்காரர்கள் ஒரு பேய்ப் படம் எடுத்து, அது நன்றாக ஓடினால் மூன்று தடவை போய்ப் பார்ப்பான். முதல் தடவை கதைக்கு. இரண்டாம் தடவை பேய் எங்கெங்கே நிற்கிறது என்பதற்கு. மூன்றாம் தடவை திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஜனங்கள் எந்த இடத்தில் கத்துகிறார்கள் என்று பார்ப்பான். அங்கே பேய் கூரையில் பல்லி மாதிரி ஊர்ந்தால் இங்கே பரணில் உட்கார்ந்திருக்கும். அங்கே ஆயிரம் காக்கை பறந்தால் இங்கே இரண்டு கோழி ஓடும், அதில் ஒன்று பக்கத்து வீட்டுக் கோழி. அவர்கள் ராத்திரியில் எடுப்பார்கள், உயரத்தில் விளக்கைக் கட்டி நிலாவையே வரவழைப்பார்கள். நெடுமாறன் உச்சி வெயிலில், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி எடுத்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டரில் நீலத்தை ஏற்றி ராத்திரியாக்குவான். அவன் படத்தில் நடுச்சாமத்துப் பேய் வரும்போது தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்கும்.

ரத்தம் பிரிஸ்கில்லாவின் கைப்பக்குவம். ரோஸ்மில்க் எசன்சில் மைதாவைக் கரைத்துக் காய்ச்சுவாள். பார்வைக்கு ரத்தம்தான். எறும்புக்குத்தான் அது தெரியாது. பேய் அசையாமல் நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் செல்வாம்பாள் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறாள்.

அதற்காக மட்டம் என்று தள்ளிவிட முடியாது. பெரிய படம் கல்யாணப் பந்தி. நெடுமாறன் படம் மறுநாள் சுட வைத்த குழம்பு. சுட வைத்த குழம்புக்கென்று ஆசைப்பட்டு உட்காருகிறவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? யூடியூபில் அவன் படங்களை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். பாதிப்பேர் சிரிப்பதற்காகப் பார்த்தார்கள் என்பது வேறு.

ஒன்பது படத்தில் செல்வாம்பாள் நின்றாள். தலையைக் குனி, முடியை முன்னால் போடு, நில். அவ்வளவுதான் வேலை. ஒரு படத்திலும் முகம் தெரிந்ததில்லை. ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. காலையிலிருந்து ஒரு முழம் கொடு, அரை முழம் கொடு, அளவு குறைகிறது என்று சத்தத்திலேயே கிடக்கிறவளுக்கு, ஒரு அறை முழுக்க வாயை மூடிக்கொண்டு தன்னையே பார்ப்பது எப்படி இருக்கும்? அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆடி பிறக்கப் போகிறது என்றால் முடிக்கு இரண்டு கரண்டி எண்ணெய் கூடுதலாக வைப்பாள்.

இப்படி இருக்கையில் கன்னியப்பன் காலில் கிளிஞ்சல் கிழித்தது. மணலில் படகை இழுத்து ஏற்றும்போது பட்ட சின்னக் கீறல். அவனுக்குச் சர்க்கரை உண்டு. கீறல் புண்ணாகி, புண் அழுகி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்துவிட்டது. கால் போனால் படகில் எப்படி நிற்பான்? செல்வாம்பாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே வீராம்பட்டினம் இருக்கிற திசைக்குத் திரும்பி நின்று செங்கழுநீர் அம்மனிடம் சொன்னாள்: காலை விட்டுவிடு, ஆடித் தேருக்கு வந்து என் தலையை முழுசாகக் கொடுத்துவிடுகிறேன்.

சுண்டுவிரல் ஒன்று போயிற்று. கால் நின்றது. பங்குனியில் கன்னியப்பன் நொண்டிக்கொண்டு படகுக்குப் போய்விட்டான்.

அந்த வருஷம் நெடுமாறன் கையில் எடுத்திருந்தது ‘நாலாவது மாடி.’ சென்னைக்காரர்கள் எடுத்த ‘மூன்றாவது மாடி’ சக்கைப்போடு போட்டிருந்தது, நாம் ஒரு மாடி கூடுதலாகப் போடுவோம் என்றான். படம் எடுத்த வீட்டுக்கோ ஒரே மாடி. கதாநாயகி அதே படியில் நாலு தடவை ஏறினாள். ஒவ்வொரு தடவைக்கும் சுவரில் வேறு வேறு காலண்டர் மாட்டினார்கள். ஆடி இரண்டாம் வாரம் தொடங்கியது, பத்து நாளில் முடிய வேண்டியது. கதாநாயகிக்குக் காய்ச்சல், நாலு நாள் மழை, தேர் வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது, பேய் வருகிற இடம் பாதி பாக்கி.

செல்வாம்பாள் வேண்டுதலை ஒளிக்கவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தாள். நெடுமாறன்தான் அதற்குள் முடிந்துவிடும் என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மார்க்கெட்டுக்கே வந்து, பூக்கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"அக்கா, ரெண்டே வாரம். ஆவணியில மொத முகூர்த்தம் வந்துட்டா வரிசையா கல்யாணம் நிக்குது எனக்கு. அதுக்குள்ள முடிச்சுடறேன். அப்புறம் நீ மொட்டை போடு. நானே வந்து வீடியோ எடுக்கறேன்."

"தேரு ரெண்டு வாரம் நிக்குமா தம்பி?"

அவன் அடுத்ததற்குத் தயாராக வந்திருந்தான். பொம்பளைகள் முழு மொட்டை போட வேண்டியதில்லை, நுனியில் மூன்று கொத்து நறுக்கிப் பூமுடி கொடுத்தால் போதும், சாமி ஏற்றுக்கொள்ளும் என்றான். இது அவன் இட்டுக்கட்டியது இல்லை, உள்ள வழக்கம்தான். மகள் சரிதாவும் விழுப்புரத்திலிருந்து போன் போட்டு அதையே சொல்லியிருந்தாள். கன்னியப்பன் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் முந்தின நாள் அவள் தலை வாரும்போது சீப்பை வாங்கி அவனே வாரிவிட்டான். கட்டிக்கொண்டு வந்த வருஷத்தோடு விட்டுப்போன பழக்கம் அது.

"முழுத் தலைன்னு வாயால சொன்னேன். அவ பாதிக் காலயா காப்பாத்துனா?"

"ஒரு வெரலு போச்சு இல்லக்கா. அதுக்குக் கழிச்சுக்கினு பூமுடி குடுக்கறது."

"வெரலு அவ எடுத்தது இல்ல. டாக்டர் எடுத்தது."

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். நெடுமாறன் எழுந்து போய்விட்டான். செல்வாம்பாள் கட்டிக்கொண்டிருந்த சரத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். இரண்டு முடிச்சுத் தள்ளி மல்லியைத் தலைகீழாக வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்துப் பிரித்தாள். முடி போனால் பேய் போயிற்று, அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. முழங்காலுக்கு வளர ஏழெட்டு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் நெடுமாறன் காத்திருப்பானா?

வெள்ளிக்கிழமை தேர் நகரும் முன்பே போய் உட்கார்ந்தாள். நாவிதர் இரண்டு தடவை கேட்டார், முழுசாகத்தானா என்று. முதல் பாதி விழுந்தபோது கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, இத்தனை வருஷமாகத் தூக்கிய பாரம் ஒரு பக்கத்தில் மட்டும் குறைந்ததால். அழவில்லை. குளித்துவிட்டு வந்தவள் தலையில் கன்னியப்பன் சந்தனம் குழைத்து உச்சியிலிருந்து நெற்றி வரைக்கும் அப்பினான். கடற்காற்று பட்டது. இவ்வளவு காற்று வீசிக்கொண்டிருந்ததா என்று அவனைக் கேட்டாள்.

சனிக்கிழமை அவள் கடைக்குப் போகவில்லை. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு படம் எடுக்கிற வீட்டுக்குப் போய் நின்றாள். ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. நெடுமாறன் பள்ளிக்கூட நாடகத்துக்கு வாங்கிய டோப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தான். மாட்டிப் பார்த்தார்கள். தேங்காய் நார் மாதிரி இருந்தது. பிரிஸ்கில்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டோப்பாவைக் கழற்றினாள். கழற்றியவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். இத்தனை படத்துக்கு மேக்கப் போட்டும் இந்த முகத்தை இப்படி அவள் பார்த்ததில்லை. பெரிய கண், ஒட்டிய கன்னம், அதற்கு மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்த சந்தனம்.

"நெடுமாறா, இப்படியே எடு."

"பாதிப் படம் முடியோட இருக்குது, பாதிப் படம் மொட்டையா?"

"முடி கொட்டிப்போச்சுன்னு ஒரு வசனம் போடு. செத்ததுக்குக் கொட்டாதா?"

அப்படியே போட்டான். குளியலறை ஜலதாரையிலிருந்து கறுப்பு நூற்கண்டு நூற்கண்டாக வருகிற மாதிரி ஒரு காட்சி சேர்த்தான். பிரிஸ்கில்லா ரத்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் தகராறு. முகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பூசு, தலையில் ஒரு சொட்டு படக்கூடாது என்றாள் செல்வாம்பாள். இது அம்மனுக்குக் கொடுத்த தலை, இதில் மைதாவும் எசன்சும் பூச நான் கொண்டுவரவில்லை என்றாள். சந்தனத்தைத் துடைக்கவும் விடவில்லை. நெடுமாறன் மணியைப் பார்த்தான், வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. படியில் போய் நில் என்றான். நின்றாள்.

நீலத்தை ஏற்றியபோது அந்த மஞ்சள் சந்தனம் பாசி பிடித்த பச்சையாக மாறிவிட்டது. குளத்தில் மூன்று நாள் கிடந்த மண்டை மாதிரி. யாரும் யோசித்துச் செய்ததில்லை.

புரட்டாசியில் படம் யூடியூபில் வந்தது. சிரிக்க வந்தவர்கள் சிரிக்கவில்லை. ராத்திரி தனியாகப் பார்க்காதீர்கள் என்று எழுதினார்கள். மார்க்கெட்டில் பூ வாங்க வந்த பிள்ளை ஒன்று செல்வாம்பாளைப் பார்த்ததும் அம்மா முந்தானைக்குள் புகுந்துகொண்டது. தலையில் முடியே இல்லாதவள் தலைக்கு வைக்கிற பூவை விற்பதைப் பார்த்துச் சிலர் கேலி செய்தார்கள். நான் வெச்சுக்கலன்னா பூவு வாடிடுமா என்று கேட்டாள்.

அடுத்த வருஷம் தீபாவளிக்குச் சென்னைக்காரர்கள் ‘மூன்றாவது மாடி’க்கு இரண்டாம் பாகம் விட்டார்கள். பிரிஸ்கில்லாதான் முதலில் போஸ்டரைப் பார்த்தாள். மொட்டைத் தலை, அதில் பச்சை, பச்சையில் வெடிப்பு. மூன்று பேரும் மத்தியான ஆட்டத்துக்குப் போனார்கள், செல்வாம்பாளும் கன்னியப்பனும் பிரிஸ்கில்லாவும். நெடுமாறன் வரமாட்டேன் என்றுவிட்டான்.

பெரிய படம் பெரிய படம்தான், அதில் குறை சொல்ல முடியாது. சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடித்தது. வீடு நிஜமாகவே மூன்று மாடி. காக்கைகள் பறந்தபோது கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் அந்தப் பேய் படியில் வந்து நின்றது. அதே மாதிரி, ஒரு கை சுவரில், ஒரு கால் கீழ்ப்படியில். ரத்தம் முகத்தில் மட்டும். நெற்றிக் கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு இல்லை. பிரிஸ்கில்லா இருட்டில் செல்வாம்பாளின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

செல்வாம்பாளுக்குப் பயம் வரவில்லை. அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் தொப்பி. காதுக்குப் பின்னால் மடிப்புத் தெரிந்தது. வெடிப்பெல்லாம் ஒரே அளவில் வரைந்த மாதிரி. அந்தத் தலையில் காற்றுப் பட்டால் அந்த நடிகைக்குத் தெரியுமா என்று நினைத்தாள்.

வெளியே வந்ததும் பிரிஸ்கில்லா கொதித்தாள். அந்த டைரக்டர் டிவியில் உட்கார்ந்துகொண்டு, ஆறு மாதம் ஆராய்ச்சி செய்து அந்தப் பச்சையைக் கண்டுபிடித்தோம் என்று சொன்னாராம். வக்கீலைப் பார்க்கலாம் என்று நெடுமாறனிடம் போனாள். அவன் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தான். மாடியை அவன் எடுத்தான், தலையை அவர்கள் எடுத்தார்கள். எந்த வாயால் போய்க் கேட்பது?

கார்த்திகையில் ஹேமலதா என்று ஒரு பெண் மார்க்கெட்டுக்கு வந்தாள். சென்னைக் கம்பெனியில் வேலை. மரியாதையாகப் பேசினாள். மூன்றாம் பாகம் எடுக்கிறார்கள், நடிகைக்குப் போன படத்தில் ரப்பர் தொப்பி ஒட்டி நெற்றியெல்லாம் கொப்பளித்துவிட்டது, கிட்டத்தில் காட்டாத இடங்களுக்கு நிஜ மொட்டையோடு ஒருவர் நிற்க வேண்டும், ‘நாலாவது மாடி’யைப் பார்த்துவிட்டுத்தான் தேடி வந்தேன் என்றாள். அவள் சொன்ன சம்பளத்துக்கு நெடுமாறன் இன்னும் நாலு மாடி கட்டியிருப்பான்.

அப்போது செல்வாம்பாளின் முடி காதைத் தாண்டித் தாடைக்கு வந்திருந்தது. ஆடியில் நெடுமாறன் கூப்பிடவில்லை. மார்கழிக்கும் கூப்பிடப்போவதில்லை. குனிந்தால் முகத்தை மறைக்காது, நிமிர்ந்தால் மொட்டையும் இல்லை. அந்த அளவு முடிக்கு உலகத்தில் பேயே கிடையாது என்று அவனே சொல்லியிருந்தான். சென்னையில் போய் நின்றால் ஒரு பெரிய அறை முழுக்க, ஐம்பது பேர், வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்ப்பார்கள். அவள் சரத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"அந்தப் பச்சை என்ன கலர்மா? எங்க ஆளுங்க பதினேழு தடவை கலந்து பாத்தாங்க" என்றாள் ஹேமலதா.

"சந்தனம்."

"இல்ல, அதுக்கு மேல என்ன அடிச்சீங்க?"

"ஒண்ணும் அடிக்கல. மொட்டை போட்டா சூடு தணியச் சந்தனம் வைக்கறதில்லையா?"

ஹேமலதா நம்பியதாகத் தெரியவில்லை. சரி, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள் செல்வாம்பாள்.

கன்னியப்பன் கேட்டுவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றான். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அம்மனுக்கு இன்னொரு தபா குடுத்தேன்னு நெனைச்சுக்கோ. அவளும் சந்தோசப்படுவா, நமக்கும் ஆச்சு."

"நான் அவகிட்ட இப்ப இன்னா கேட்டேன்?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்பறம் இன்னாத்துக்குக் குடுக்கறது? கேட்டு வாங்கனேன், குடுத்தேன். நாளைக்கு உனக்கோ சரிதாவுக்கோ ஒண்ணுன்னா நான் எதைக் கொண்டுபோய் நிப்பேன்?"

கன்னியப்பன் தட்டை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டான். எவ்வளவு பெரிய கம்பெனி என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டான். மறுநாள் ஹேமலதா போன் செய்தபோது, நான் வரவில்லை என்றாள் செல்வாம்பாள். ஹேமலதா சம்பளத்தைக் கூட்டிக் கேட்டாள். அதுக்கில்லைமா என்றாள் இவள். காரணத்தைச் சொல்லவில்லை. சந்தனத்தையே நம்பாதவளிடம் இதைச் சொல்லி என்ன?

தை பிறந்ததும் மூன்றாம் பாகம் தொடங்கிவிட்டதாகப் பிரிஸ்கில்லா வந்து சொன்னாள். வேறு ஒரு பெண் கிடைத்துவிட்டாளாம், இருபத்திரண்டு வயதாம், இடுப்பு வரைக்கும் முடியாம். வேனுக்குள் உட்கார வைத்து மெஷினில் ஓட்டிவிட்டார்களாம். பிழைக்கத் தெரியாதவள் என்று செல்வாம்பாளைத் திட்டவும் செய்தாள்.

"ஓட்டனதும் தலைக்கு இன்னா வெச்சாங்களாம்?" என்றாள் செல்வாம்பாள்.

"பெயிண்டு."

"எரியுமே அந்தப் பொண்ணுக்கு."

வாடிக்கைக்காரி ஒருத்தி இரண்டு முழம் கேட்டு நின்றாள். செல்வாம்பாள் முழங்கையில் வைத்து அளந்து, வாழை நாரைக் கிள்ளி, ஈர இலையில் சுற்றிக் கொடுத்தாள். பிரிஸ்கில்லா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.